அலை ஏன் உங்களை விட்டுவிட்டுப் போகிறது? டர்பனில் சர்ஃபிங் பழகுகிறவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

என் மனைவியின் பெரிய மாமா எழுபதைத் தாண்டியவர். வாழ்நாளில் ஒருமுறைகூட சர்ஃப் போர்டில் ஏறியதில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் கரையில் கரைவலை இழுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் நார்த் பீச்சில் தண்ணீரில் கிடக்கும்போது, அவர் கடல் பாலத்தின் மேல் பிளாஸ்க் டீயோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் செய்கிற தவறை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். முப்பத்தெட்டு வயதில் நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் சர்ஃபிங் பழகப் போனால் வீடியோ பார்த்துத்தானே பழகுவான்? நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் வீடியோவில் இருப்பவர்கள் எல்லாரும் அலையைப் பிடித்துவிடுகிறார்கள். நாம் ஏன் பிடிக்கவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மாமா பார்க்க வந்த முதல் நாளே சொன்னது இது: “விழுந்த இடத்தைப் பாக்காதீங்க மாப்பிள்ளை. விழுறதுக்கு முன்னாடி எங்க உட்காந்திருந்தீங்கன்னு பாருங்க.” கீழே எழுதியிருப்பது முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது. எழுந்து நிற்கும்போது விழுகிறோம் என்றால் பிழை எழுவதில் இருக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் அது அதற்குப் பத்து வினாடி முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இது எந்தக் கடலுக்கு, எந்தப் போர்டுக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணல் அடித்தளம், இடுப்பளவு அல்லது நெஞ்சளவு அலை, 8 அடி நீளமுள்ள ஃபோமி, அதாவது மேலே மெத்தென்று இருக்கும் பயிற்சிப் போர்டு. டர்பனில் கடல் பாலங்களுக்கு இடையிலுள்ள கடற்கரைகள் இதற்குப் பொருந்தும். பிளஃப் பக்கம் கேவ் ராக் மாதிரிப் பாறைமேல் உடையும் அலைகளுக்கு இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். படுக்கும் இடத்தையும் மாற்றி, கை போடும் விதத்தையும் மாற்றி, அலையும் கிடைத்துவிட்டால், எதனால் கிடைத்தது என்று தெரியாமலே வீட்டுக்கு வருவீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

அலை உடைவதற்குக் காரணம் ஆழம். தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குக்குக் குறையும்போது அது நிற்க முடியாமல் முன்னால் கவிழ்கிறது. ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அந்த ஆழத்தில் அலை ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். படுத்துக்கொண்டு கையால் வலிக்கும் நம் வேகம்? நன்றாகப் பழகியவருக்கே 5 அல்லது 6.

ஆக, கை பலத்தால் அலையின் வேகத்தை எட்டவே முடியாது. மிச்ச வேகத்தைத் தருவது அலையின் சரிவு. பின்னாலிருந்து தண்ணீர் மேடாகித் தூக்க, போர்டு அந்த மேட்டிலிருந்து வழுக்கிக் கீழே இறங்குகிறது. ஓடும் பஸ்ஸில் தொற்றுகிறவன் பஸ்ஸின் வேகத்துக்கு ஓடுவதில்லை. கூடவே நாலு எட்டு ஓடி, கம்பி கைக்கு எட்டும் நேரத்தில் தாவுகிறான். அந்த நேரம் தப்பினால் எவ்வளவு வேகமாக ஓடியும் பயனில்லை. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு இந்தக் கணக்குதான் விடை.

அறிகுறி: உயிரைக் கொடுத்து வலிக்கிறேன், அலை அடியில் நழுவிப் போய்விடுகிறது

புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது இதுதான். எனக்கு எட்டு மாதம் இருந்தது. கையில் தெம்பு இல்லை என்று முடிவுகட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டினேன். தோள் அகன்றது, அலை கிடைக்கவில்லை.

உங்களை நழுவவிட்டுப் போன அலையை முதலில் திட்டாமல் பாருங்கள். அது எங்கே உடைகிறது? உங்களைத் தாண்டிக் கரைப்பக்கமாக ஐந்தாறு மீட்டர் ஓடிப்போய் உடைந்தால், நீங்கள் ரொம்ப வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே அலைக்கு இன்னும் சரிவு வரவில்லை. அது வெறும் வீக்கம், தூக்கி இறக்கிவிட்டுப் போகும். அந்த இடத்தில் உலக சாம்பியன் படுத்திருந்தாலும் அந்தச் சின்ன அலையைப் பிடிப்பது கஷ்டம்.

வெளியே உட்காருவதற்குக் காரணம் பயம். அலை தலையில் விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு அலைக்கும் ஒரு முழம் பின்வாங்குகிறோம். நமக்கே தெரியாமல் நடக்கும். பாலத்தின் மேலிருந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மாதக் கதையை மாமா பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்: “எல்லாரும் பந்திக்கு உள்ள உட்காந்திருக்காங்க, நீங்க மட்டும் வாசல்ல உட்காந்திருக்கீங்க.”

இதற்கு மீன்பிடிக்கிறவர்கள் செய்வதையே செய்யலாம். நம் மீனவர்கள் நடுக்கடலில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள், கணியம் பார்ப்பது என்று பெயர். அதேபோல, அலை நன்றாக உடைகிற இடத்துக்கு நேராக, உயிர்காப்பாளர் கோபுரமும் அதன் பின்னால் ஏதாவது ஒரு ஓட்டல் மாடியும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வெளியே என்பதற்குக் கடல் பாலத்தின் தூண்களை எண்ணிக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தெற்கிலிருந்து அலை வரும் நாளில் நீரோட்டம் உங்களை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைப்போம், அரை மணி நேரத்தில் அடுத்த பாலத்துப் பக்கம் போயிருப்போம்.

அப்படி இல்லை, அலை நம் பக்கத்திலேயே உடைந்தும் போர்டு நகரவில்லை என்றால்? இடம் சரி, படுத்திருக்கும் விதம் தவறு. சமமான தண்ணீரில் பத்து முறை கைவலித்துவிட்டு, போர்டின் மூக்கைக் கவனியுங்கள். அது தண்ணீருக்கு மேலே நான்கு விரல் அளவுக்கு நின்றால் சரி. ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றால் உங்கள் எடை பின்னால் இருக்கிறது. பின்பக்கம் அமிழ்ந்து கலப்பைமாதிரித் தண்ணீரை உழுகிறது. அந்த நிலையில் அலை வந்து தூக்கினாலும் போர்டு வழுக்காது. இரண்டு விரல் முன்னால் நகருங்கள், மறுபடி பாருங்கள், மறுபடி இரண்டு விரல். சரியான இடம் கிடைத்ததும் தாடை எங்கே வருகிறதோ அங்கே போர்டில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அசிங்கமாக இருக்கும்தான். என் ஃபோமியில் மூன்று கோடுகள் உண்டு, இரண்டு தவறானவை.

இடமும் படுக்கையும் சரி, இன்னும் நழுவுகிறதா? அப்படியானால் கடைசி இரண்டு கைவலிப்பைப் பாருங்கள். அலை மூன்று நான்கு போர்டு நீளத்துக்கு அப்பால் இருக்கும்போதே கரையை நோக்கித் திரும்பி நிதானமாகத் தொடங்கவேண்டும். மொத்தம் ஆறிலிருந்து எட்டு முறை வலித்தால் போதும், கடைசி மூன்றில் மட்டும் முழுப் பலம். போர்டின் வால் தூக்கப்படுவதை உணர்வீர்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். “ஆகா, கிடைத்துவிட்டது” என்று கையை நிறுத்திவிடுகிறோம். வால் தூக்கினால் அலை வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்கு மேலும் இரண்டு முறை ஆழமாக வலிக்கவேண்டும். கையில் தண்ணீரின் எதிர்ப்பே இல்லாமல் போய், போர்டு கையைவிட வேகமாக ஓடுகிறதே, அதுதான் கிடைத்ததற்கு அடையாளம். போர்டின் அடியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தமும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் எழ முயலாதீர்கள்.

கடைசி சந்தேகம் தலை. நம் தலை ஐந்து கிலோ அளவுக்குக் கனம். கரையில் மனைவி பார்க்கிறாளா என்று கழுத்தை நிமிர்த்தினால் அந்தக் கனம் பின்னால் போகிறது. வால் தூக்கும் நொடியில் தாடையைப் போர்டை நோக்கி இறக்குங்கள். சோம்பலான, சரிவு குறைந்த அலைகளில் இது ஒன்றே காப்பாற்றிவிடும்.

அறிகுறி: அலை பிடிக்கிறது, போர்டின் மூக்கு குத்திக் குப்புற விழுகிறேன்

முதல் அறிகுறியைச் சரிசெய்தவர்களுக்கு அடுத்த வாரம் இது வரும். பயப்படவேண்டாம், முன்னேற்றம்தான். ஆனால் எந்த நொடியில் குத்துகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். பாலத்திலிருந்து யாராவது செல்போனில் பக்கவாட்டில் படம் எடுத்தால் மிகவும் நல்லது. டர்பனில் பழகுகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இந்தப் பாலங்கள்தான். வேறு ஊர்களில் கரையிலிருந்து முதுகையும் நுரையையும்தான் படம் பிடிக்கமுடியும்.

கையை ஊன்றுவதற்கு முன்பே, படுத்த நிலையிலேயே குத்தினால் இரண்டில் ஒன்று. தாடை மார்க்கர் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது, அல்லது நீங்கள் தாமதமாகத் தொடங்கி, அலை செங்குத்தான பிறகு அதன் விளிம்பில் மாட்டியிருக்கிறீர்கள். முந்தைய அறிகுறியில் வெளியே உட்கார்ந்தவர் இப்போது ரொம்ப உள்ளே வந்துவிட்டார். ஒரு போர்டு நீளம் பின்னால் போங்கள். அலை செங்குத்தாகத் தெரிந்தால் தாடையை இறக்காமல், பாம்பு படமெடுப்பதுபோல் நெஞ்சைத் தூக்குங்கள். முன்பு சொன்னதற்கு நேர் எதிர் என்று கோபப்படாதீர்கள். சோம்பல் அலைக்குத் தாடை கீழே, கோபக்கார அலைக்கு நெஞ்சு மேலே.

கையை ஊன்றித் தள்ளும்போது குத்தினால் கைகள் தவறான இடத்தில் இருக்கின்றன. தோளுக்கு நேரே, இன்னும் மோசமாகத் தலைக்கு முன்னால் ஊன்றினால், மொத்த எடையையும் மூக்கின்மேல் சாய்க்கிறீர்கள். கடைசி விலா எலும்புக்குப் பக்கத்தில் ஊன்றவேண்டும். தண்டால் எடுத்துப் பழகியவர்களுக்கு இது பிடிபட நாளாகும், ஏனென்றால் தண்டாலில் கை தோளுக்கு நேரே இருக்கும்.

குத்துவது சில நாட்களில் மட்டும் நடக்கிறதா? அப்படியானால் ஓத அட்டவணையை, அதாவது கடல்மட்டம் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். டர்பனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். அந்த நாட்களில் முழு வற்றத்தின்போது மணல்மேட்டின்மேல் தண்ணீர் மெலிந்துபோய், அலை உருளாமல் மொத்தமாக மடங்கி ‘தொபீர்’ என்று விழும். அதில் குத்தாமல் இறங்குவது கற்றுத் தேர்ந்தவர்களின் வேலை. நாம் பாதி ஏற்றம்வரை கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். விழும்போதும் ஒன்று: வற்றத்தில் தலைகீழாகப் பாயாதீர்கள். அடியில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. பக்கவாட்டில் தட்டையாக விழுந்து, மேலே வரும்போது இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். கடலைவிட நம் சொந்தப் போர்டு அடித்த காயங்கள்தான் எனக்கு அதிகம்.

அறிகுறி: எழுகிறேன், உடனே பக்கவாட்டில் சாய்கிறேன்

முழங்காலை ஊன்றி எழுகிறீர்களா? அதை இன்றே விட்டுவிடுங்கள். முழங்காலில் நின்றவர் அங்கேயே தங்கிவிடுவார், அதற்குள் அலை முடிந்துவிடும். போர்டின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு எழுகிறீர்களா? பிடித்த கை எந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் கவிழும். உள்ளங்கை போர்டின் மேல்தட்டில் தட்டையாக இருக்கவேண்டும்.

இவை இரண்டும் இல்லை என்றால் கண்தான். நம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுப்பவரைப் பாருங்கள். இங்கே மவுன்ட் எட்ஜ்கோம்ப் கோயில் திருவிழாவிலும் பார்க்கலாம். அவர் தன் காலைக் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் குடம் தரையில். போர்டிலும் அதேதான். கால் சரியாக வைத்தோமா என்று குனிந்து பார்க்கும் நொடியில் கவிழ்கிறோம். போகவேண்டிய திசையில், பத்து மீட்டருக்கு அப்பால் கண்ணை வையுங்கள்.

வீட்டுத் தரையில் சாக்பீஸால் போர்டு அளவுக்கு ஒரு கட்டம் வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டு, தினம் இருபது முறை எழுந்து பழகுங்கள். இரண்டு பாதமும் நடுக்கோட்டின்மேல் குறுக்காக விழவேண்டும். எந்தக் கால் முன்னால் என்று குழப்பமா? ஈரத் தரையில் வழுக்கும்போது எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுதான். இடது முன்னால் போனாலும் வலது முன்னால் போனாலும் குறையில்லை. என் வீட்டுக் கூடத்தில் வரைந்த கட்டத்தை மாமியார் கோலம் என்று நினைத்துச் சுற்றிப் போனார். பிறகு காரணம் தெரிந்தபோது சொன்னதை இங்கே எழுதமுடியாது.

அறிகுறி: இருபது நிமிடத்தில் கை ஓய்ந்துவிடுகிறது

துடுப்பு வலிப்பது என்று நம் மொழியில் சும்மாவா சொன்னார்கள், வலிக்கத்தான் செய்யும். ஆனால் இருபது நிமிடம் என்பது குறைவு.

போர்டைச் சந்தேகப்படுங்கள். கடையில் ஆறடி போர்டு அழகாக இருக்கும், காரின் உள்ளே அடங்கும், விலையும் பேசி வாங்கலாம். ஆனால் மிதப்பு போதாது. போர்டின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். 8 அடி ஃபோமியில் அது பெரும்பாலும் 60 லிட்டருக்கு மேல் இருக்கும், தேர்ந்தவர்களின் ஆறடி போர்டில் அதில் பாதிகூட இருக்காது. மிதப்பு குறைந்தால் நெஞ்சுவரை தண்ணீரில் அமிழ்ந்து, கை பாதி நேரம் உங்களை மிதக்கவைக்கவே உழைக்கும். ஒரு வருடம்வரை சின்ன போர்டு பக்கம் போகாதீர்கள்.

போர்டு சரி என்றால் கை போடும் விதம். தண்ணீரை மேலாகத் தட்டித் தெறிக்கவைக்கிறவர்களுக்குச் சீக்கிரம் களைக்கும். முன்னால் முழுக்க நீட்டி, சத்தமில்லாமல் நுழைத்து, முழங்கைவரை ஆழ்த்தி இடுப்புவரை இழுங்கள். கால்கள் இரண்டும் ஒட்டியிருக்கட்டும். தவளைபோல் அகட்டிவைத்தால் அவையே நங்கூரம். நான் பார்த்தவரை புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு அலைக்கும் ஓடுகிறார்கள். ஐந்தை விட்டு ஒன்றுக்குப் போனால் கை ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

அறிகுறி: பேக்லைனுக்குப் போகவே முடியவில்லை

அலை உடையும் வரிசைக்கு வெளியே எல்லாரும் உட்கார்ந்து காத்திருக்கும் இடத்தை இங்கே பேக்லைன் என்பார்கள். போகமுடியாததற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். கட்டுமரம் தள்ளுகிறவர்கள் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நான்கைந்து பெரிய அலை போகும்வரை சுருட்டு பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு திடீரென்று எல்லாரும் ஒரே ஓட்டம். அதையே செய்யுங்கள். கரையில் நின்று பத்து நிமிடம் பார்த்து, கூட்டம் ஓய்ந்ததும் இறங்குங்கள்.

வழியில் நுரை எதிரே வந்தால், 8 அடி ஃபோமியை அமுக்கி அடியில் நுழைய முடியாது. அலை வருவதற்கு முன் ஓரங்களை இறுகப் பிடித்து, போர்டோடு சேர்ந்து குப்புறக் கவிழ்ந்து, அலை மேலே போனதும் மறுபடி புரளுங்கள். போர்டைக் கைவிட்டு நீங்கள் மட்டும் மூழ்குவது கூடவே கூடாது. காலில் கட்டிய கயிற்றின் நீளத்துக்கு அது பின்னால் பறக்கும், அங்கே யாருடைய குழந்தையாவது இருக்கும்.

பாலத்தை ஒட்டிக் கடலுக்குள் ஓடும் நீரோட்டம் ஒன்று உண்டு. பழகியவர்கள் அதில் சவாரி செய்து சுலபமாக வெளியே போவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் தனியாக அதைச் செய்யவேண்டாம். தெரிந்தவர் ஒருவரோடு, உயிர்காப்பாளர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும். தெரியாமல் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து வலிக்காதீர்கள். போர்டை விடாமல் படுத்துக்கொண்டு, கரைக்கு இணையாக, பாலத்தை விட்டு விலகிப் போங்கள். நீரோட்டம் அகலம் குறைந்தது. முடியவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். அதில் வெட்கம் எதற்கு?

அறிகுறி: எப்போதும் வேறு யாராவது என் அலையை எடுத்துக்கொள்கிறார்கள்

கசப்பான செய்தி: அது உங்கள் அலையாக இருந்திருக்காது. அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்கே உரிமை. மற்றவர்கள் விலகவேண்டும். அலையின் தோள்பக்கம், அதாவது இன்னும் உடையாத ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளிருந்து வருகிறவரின் முன்னால் இறங்கினால் முறைப்பார்கள், இரண்டாவது முறை திட்டுவார்கள். திருத்தம் எளிது: கைவலிக்கத் தொடங்குமுன் அலை உடையும் பக்கம் ஒரு பார்வை. அங்கே யாராவது வந்தால் நிறுத்துங்கள். உடையும் இடத்தில் கூட்டம் அதிகம் என்றால் முப்பது மீட்டர் தள்ளி, சின்னதாக உடையும் இன்னொரு மேட்டுக்குப் போங்கள். தரம் குறைந்த அலை பத்துக் கிடைப்பது, நல்ல அலை ஒன்றுக்குக் காத்திருப்பதைவிடப் பழகுவதற்கு மேல்.

யாருக்கு உரிமை என்றதும் மாமா சொல்வது ஒன்று நினைவுக்கு வரும். 1977இல் உலகப் பட்டம் வென்ற ஷான் டாம்சன் பழகியது இங்கே பே ஆஃப் பிளென்டியில். அதே ஆண்டுகளில் மாமா அந்த மணலில் துண்டு விரித்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். 1953இல் வந்த தனி வசதிகள் சட்டத்தின்படி வெள்ளையர்களுக்கு ஒதுக்கிய கரை அது, இந்தியர்களுக்கு வேறு துண்டு. 1989இல்தான் டர்பன் கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்தன. அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. “அப்பவே கத்திருப்பீங்களா மாமா?” என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டு, “இடதுபக்கம் ஒரு அலை வருது, அதைப் பாருங்க” என்றார்.

அறிகுறி: நிற்கிறேன், ஆனால் நேராகக் கரைக்குப் போய் நுரையில் முடிகிறது

முதல் இரண்டு மாதம் இதுவே கொண்டாட்டம்தான். பிறகு சலிக்கும். அலை ஒரே நேரத்தில் முழுக்க உடைவதில்லை. ஒரு முனையில் தொடங்கி இடமாகவோ வலமாகவோ உரிந்துகொண்டே போகும். நீங்கள் உரியும் திசையில் ஓடவேண்டும். கடலில் இருந்து கரையைப் பார்த்தபடி சொல்லும் இடம் வலம்தான் கணக்கு. கரையில் நிற்பவர் சொல்வது தலைகீழாக இருக்கும். மாமாவும் நானும் இதில் ஒரு மாதம் சண்டை போட்டோம்.

வரும் அலையின் முகட்டைப் பாருங்கள். உயரமான இடத்திலிருந்து எந்தப் பக்கம் மெல்லச் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் வழி. இரு பக்கமும் ஒரே உயரத்தில் சுவர்போல் வந்தால் அது மொத்தமாக மடங்கும், விட்டுவிடுங்கள். வழி தெரிந்ததும் கடைசி இரண்டு கைவலிப்பில் போர்டை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள், கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கோ பதினொன்றுக்கோ போகும் அளவுக்கு. எழுந்தபின் திருப்பலாம் என்று காத்திருந்தால் நேரமிருக்காது. மூக்கு குத்துவதற்கும் இதுவே மருந்து, சாய்வாக இறங்கும்போது சரிவு குறைகிறது.

அறிகுறி: நேற்று எல்லாம் சரியாக வந்தது, இன்று ஒன்றுமே வரவில்லை

உங்களிடம் பிழை இல்லை, காற்றைப் பாருங்கள். டர்பனில் விடியலில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும். அது அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி, மெதுவாக உடையவைக்கும். கோடையில் முற்பகலுக்குமேல் வடகிழக்குக் காற்று ஏறிவிடும். நாகைக்காரனுக்கு வாடையும் கொண்டலும் சேர்ந்து அடித்தமாதிரி. தண்ணீர் கொந்தளித்து, குட்டைக் குட்டையாக, எங்கே உடையும் என்று தெரியாத அலைகள் வரும். அதில் பழகுவது குலுங்கும் வண்டியில் எழுத்துப் பழகுவதுபோல. தென்மேற்குக் காற்று குளிரோடும் மழையோடும் வரும். அது அடங்கிய மறுநாள் காலையில் நல்ல அலை கிடைப்பது வழக்கம். ஆண்டில் நல்ல பருவம் நம்மவர்கள் போர்வைக்குள் இருக்க விரும்பும் குளிர்காலம்தான். தென்கடலிலிருந்து நீண்ட இடைவெளியோடு ஒழுங்கான அலைகள் வரும், அகுல்காஸ் நீரோட்டத்தின் புண்ணியத்தில் தண்ணீரும் உறையவைக்காது.

இங்கே கோடையான டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். எழுந்து வெளியே வந்து மரத்தைப் பாருங்கள். கிளை அசையவில்லை என்றால் கிளம்பலாம். கடற்கரை நடைபாதைக் கொடிகள் ஊரை நோக்கிப் படபடத்தால் அலைக்கு மட்டுமல்ல, புளூ பாட்டிலுக்கும் அது அறிகுறி. நீலப் பையும் நூல்போன்ற வாலும் கொண்ட, சொறிமீன் மாதிரியான அந்தக் கொட்டும் உயிரி கடற்காற்றோடுதான் கரைக்கு ஒதுங்கும். மணலில் நாலைந்து கிடந்தால் தண்ணீரில் நானூறு இருக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீரில் கழுவி, நூலைக் கவனமாக எடுத்து, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். கனமழைக்குப் பிறகும் இறங்கவேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து இங்கே கடற்கரைகள் நெடுநாள் மூடிக்கிடந்தன. ஜூன், ஜூலையில் சார்டின் மீன்கூட்டம் வரும்போது அதன் பின்னாலேயே சுறாக்களும் வரும், கரைக்கு வெளியே கட்டியிருக்கும் சுறா வலைகளையும் எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் தடைப் பலகை இருந்தால் அதோடு விவாதம் செய்யாதீர்கள்.

அப்படிப்பட்ட காலையில் நானும் மாமாவும் பாலத்தில் நின்று, வந்துபோகும் அலைகளில் எது இடது, எது வலது, எது சுவர் என்று சொல்லிப் பார்ப்போம். பத்தில் எட்டு அவர் சரியாகச் சொல்வார், நான் ஐந்து. தோற்றவர் பன்னி சௌ வாங்கித் தரவேண்டும். பேரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய இந்த ஊர்ச் சாப்பாடு அது. இதுவரை ஒருமுறைதான் அவர் பணம் கொடுத்திருக்கிறார்.